சூனியக் கதைக்கு ஒரு நாய்: சிறுவர் மாயக்கதை எழுதும் வழி

மாயக்கதையில் மந்திரவாதியை உண்டாக்குவது சுலபம். தாடி, மண்டை ஓடு, நாலு 'ஓம் க்ரீம்' போட்டால் ஆள் தயார். நாய்தான் கஷ்டம். எட்டு வயதுப் பிள்ளை மண்டை ஓட்டை நேரில் பார்த்திருக்காது. தெருநாயைத் தினமும் பார்க்கிறது. மந்திரத்தில் நீங்கள் என்ன அளந்தாலும் கேட்டுக்கொள்ளும். நாயைப் பற்றி ஒரு வரி தப்பாக எழுதினால் 'நாய் அப்படிப் பண்ணாதே' என்று புத்தகத்தைக் கவிழ்த்துவிடும். அதனால் எழுத உட்காரும்போது நாயிலிருந்து தொடங்குங்கள். நாய் உண்மையாக இருந்தால், அது பார்த்துக் குரைக்கிற பேயும் உண்மையாகிவிடும்.

இங்கே சொல்வது 8 முதல் 11 வயது வரை உள்ளவர்களுக்கான கதைக்கு. பத்து அத்தியாயம், அத்தியாயத்துக்குச் சுமார் 900 சொல், மொத்தம் சுமார் 9,000. 900 சொல்லை வாய்விட்டு வாசிக்க ஒன்பது பத்து நிமிடம் ஆகும். படுக்கப் போகும் பிள்ளைக்கு ஒரு ராத்திரிக்கு அது போதும்.

எந்த நாய்?

'ஒரு நாய் இருந்தது' என்று எழுதிவிட்டு நகரக் கூடாது. இனம் மாறினால் கதையே மாறும். ராஜபாளையம் நாய் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005இல் தபால்தலையில் வந்த இனம். ஆனால் அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். காலடிச் சத்தம் கேட்டு எழுந்து குரைக்கிற காவல்காரன் வேண்டுமென்றால் இது தோதுப்படாது. மந்திரவாதியின் பாட்டுக்கு மயங்காத நாய் வேண்டுமென்றால் இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. ஊரே உடுக்கைச் சத்தத்தில் கிறங்கிக் கிடக்கும்போது காது கேளாத வெள்ளை நாய் ஒன்று மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு நடுத்தெருவில் வரும். குறையே சாவியாகிவிடுகிறது.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். ஒல்லி உடம்பு, நீண்ட கால், முயலோடு போட்டி போடும் வேகம். அவற்றை நாள் முழுக்கத் தரையை மோந்துகொண்டே காட்டைக் கடக்க வைப்பது அந்த இனத்தின் பலத்தை வீணடிப்பது. கோம்பை செம்பழுப்பு நிறம், கறுத்த மூஞ்சி, கட்டுடல். வாசலில் நிறுத்தினால் ஆள் உள்ளே வராது. பெரும்பாலான கதைகளுக்கு ஊர் நாட்டு நாயே உத்தமம். அதற்கு வம்சப் பெருமை இல்லை. யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. பிள்ளைக்கும் அதற்கும் நடுவில் இருப்பது பழைய சோறும் கருவாட்டுத் தலையும் மட்டும்தான். விசுவாசக் கதைக்கு அது நல்ல அடிமண்.

பிறகு, நாயின் உடம்பு என்ன செய்யும், செய்யாது என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் வேறுபடாது. நீலமும் மஞ்சளும் தெரியும். 'பசும்புல்லில் கிடந்த சிவப்பு நூலைப் பார்த்து ஓடியது' என்று எழுதினால் தப்பு. அதே நூலில் வேப்பெண்ணெய் தடவியிருந்தால் சரி. மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 40,000க்கு மேலும் கேட்கும். ஆகவே யாருக்கும் கேட்காத ஊதல் ஒன்றை மந்திரவாதி கையில் கொடுக்கலாம். நாய்க்கு வியர்ப்பது உள்ளங்காலில் மட்டும், சூடு தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதால். சித்திரை வெயிலில் நடுப்பகல் முழுக்க ஓட வைத்தால் அது சாகசம் இல்லை, கொடுமை. மோப்பம் காய்ந்த பாறையில் சீக்கிரம் போய்விடும், ஈரமண்ணில் தங்கும். எனவே தேடல் காட்சிகளை விடியலில், பனி காய்வதற்குள் வையுங்கள். காற்று நாயின் முகத்துக்கு நேரே வீச வேண்டும். முதுகுப் பக்கம் வீசினால் எதிரி பத்தடியில் இருந்தாலும் வாடை வராது. கதையில் ஒரு ஏமாற்றம் தேவைப்படும் இடத்தில் இந்தக் காற்றைத் திருப்பிவிட்டால் போதும்.

நாய் பேசலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பேசத் தொடங்கிய கணமே அது வாலுள்ள மனிதன். அதற்கப்புறம் அது மோந்து கண்டுபிடித்தது என்று நீங்கள் எழுதினால், 'வாயைத் திறந்து சொல்லேன்' என்று பிள்ளை கேட்கும்.

இதை ஒரு காட்சியில் பார்க்கலாம். அஞ்சலை ஒரு சிறுமி, செவலை அவள் நாய். இப்படித்தான் முதல் வரைவு வரும்:

"செவலை அபாயத்தை உணர்ந்தது. 'உள்ளே போகாதே அஞ்சலை' என்று கண்களாலேயே சொன்னது. ஆனாலும் அது மிகவும் விசுவாசமான நாய் என்பதால் அவளைப் பின்தொடர்ந்தது."

இதையே நாயாக எழுதினால்:

"குகை வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே செவலை நின்றுவிட்டது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடியே இருந்தது. மூக்கு மட்டும் அசைந்தது. அஞ்சலை தொடையைத் தட்டிக் கூப்பிட்டாள். வரவில்லை. கொட்டாவி விட்டது. உதட்டை நக்கிக்கொண்டது. பிடரியிலிருந்து வால்வரை முடி ஒரு கோடாக எழுந்து நின்றது. அஞ்சலை ஓர் அடி வைத்தாள். செவலையும் ஓர் அடி வைத்தது."

கொட்டாவியும் உதடு நக்கலும் தூக்கத்துக்கோ பசிக்கோ இல்லை. மிரண்ட நாய் செய்கிற காரியம் அது. பயந்தும் ஓர் அடி வைத்ததே, அதுதான் விசுவாசம். அந்தச் சொல்லை எழுதவே வேண்டியதில்லை. வரைவு முழுவதிலும் 'விசுவாசம்', 'நன்றியுள்ள' என்ற சொற்களைத் தேடி அடித்துவிட்டு, ஒவ்வோர் இடத்திலும் ஓர் உடலசைவை வையுங்கள்.

கல்லில் நிற்கும் நாய்

காத்து நிற்கும் நாய்க்கு வெளியூரில் போய் முன்மாதிரி தேட வேண்டாம். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கிடைத்த நடுகல் 7ஆம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போய் விழுந்த வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துவிட்டுக் காத்திருந்தது என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். கர்நாடகத்தில் ஆதகூர் கல்வெட்டு 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. காட்டுப் பன்றியோடு மோதி, பன்றியையும் கொன்று தானும் இறந்த 'காளி' என்ற நாய்க்காக நட்ட கல் அது.

இவற்றை எடுத்தாளும்போது இரண்டு விஷயம். எடுத்தனூர் உள்ளிட்ட செங்கம் பக்கத்து நடுகற்கள் பல வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் இருப்பவை. பத்து வயதுப் பெண் அதைத் தடவிப் பார்த்து வாசித்துவிட்டாள் என்று எழுதக் கூடாது. டீச்சரோ, கல் படியெடுக்க வந்தவரோ வாசித்துச் சொல்லட்டும். இரண்டாவது, உண்மையான கல்லில் இல்லாத மந்திரத்தை அதில் ஏற்றாதீர்கள். மந்திரக் கல் தேவையென்றால் பெயரில்லாத ஊரில் ஒரு கல்லை நீங்களே நட்டுக்கொள்ளுங்கள்.

ஐயனார் கோயில் சுடுமண் நாய்களும், பைரவரின் நாயும், கருப்பசாமியோடு இரவில் எல்லை சுற்றி வரும் நாயும் இதே குடும்பம்தான். ஊர் எல்லையில் நாய் நின்று குரைத்தால், எல்லைச்சாமி கூட நிற்கிறது என்று நம்மூர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

சூனியத்துக்குக் கணக்கு வேண்டும்

நாட்டார் வழக்கில் மந்திரம் ஒருபோதும் சும்மா நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு, ஒரு விலை உண்டு, ஓர் ஓட்டை உண்டு. தகடு வைத்தல் என்றால் செப்புத் தகடு, அதில் பெயர், புதைக்க வாசற்படி. தோண்டி எடுத்துவிட்டால் முறிந்தது; அதுதான் ஓட்டை. தோண்டுவது நாயின் பிறவித் தொழில் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மை போட்டுப் பார்ப்பதில் வெற்றிலையில் தடவிய மையைப் பெரும்பாலும் சின்னப் பிள்ளையைத்தான் பார்க்கச் சொல்வார்கள். பெரியவர் கண்ணுக்குத் தெரியாதாம். குழந்தை நாயகனுக்கு மரபே போட்டுக் கொடுத்த நாற்காலி இது, ஏனோ பலர் இதில் உட்காருவதே இல்லை. கூடு விட்டுக் கூடு பாய்ந்தால் பறவையாகலாம், பாம்பாகலாம். ஆனால் விட்டுப் போன உடம்பை யாராவது காக்க வேண்டும். அது அழிந்தால் திரும்ப இடமில்லை.

குட்டிச்சாத்தானுக்கு வேறு கணக்கு. ஏவியதைச் செய்யும், ஆனால் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை தீர்ந்தால் ஏவியவனையே பிடித்துக்கொள்ளும். ஓட்டை என்ன? நாய் வாலை நிமிர்த்தச் சொல்வது. 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு இந்த ஒன்றை வைத்தே 600 சொல்லில் முழுக்கதை எழுதிவிடலாம்: மூன்று வேலை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது, மூன்றும் நொடியில் முடிகிறது, நாலாவது வால். கதைக்கு நாட்டு நாயைத்தான் எடுக்க வேண்டும். சுருண்ட வால் இல்லாவிட்டால் கதையே இல்லை.

எந்த மந்திரத்தைக் கதையில் கொண்டுவந்தாலும் பொருள், விலை, ஓட்டை மூன்றையும் முதல் மூன்று அத்தியாயங்களுக்குள் எங்காவது காட்டிவிடுங்கள். ஒன்பதாம் அத்தியாயத்தில் திடீரென்று ஒரு தாயத்து முளைத்துக் காப்பாற்றினால் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக நினைக்கும். அது நியாயம்தான். பெரிய மந்திரம் இரண்டுக்கு மேல் வேண்டாம். மோகினி, முனி, கொள்ளிவாய்ப் பிசாசு, வேதாளம் எல்லாவற்றையும் ஒரே கதையில் இறக்கினால் பொருட்காட்சி ஆகிவிடும்.

உச்சாடனத்துக்கு நிஜ மந்திரம் எதையும் எடுக்காதீர்கள். பொய்ச் சமஸ்கிருதமும் வேண்டாம். நாக்குப் பிறழும் வாக்கியம் ஒன்று போதும். 'ஓடுற நரியில ஒரு நரி கிழநரி, கிழநரி முதுகுல ஒருபிடி நரைமயிர்' என்பதை மூச்சு விடாமல் மூன்று முறை, குழறாமல் சொன்னால்தான் கதவு திறக்கும் என்று வையுங்கள். வாசிக்கிற பிள்ளையும் சொல்லிப் பார்க்கும், இரண்டாம் தடவையே குழறும், நாயகிக்காக நெஞ்சு அடித்துக்கொள்ளும். பறக்கிற துடைப்பத்தை விட்டுவிடுங்கள். நம்மூரில் விளக்குமாறு பேயை ஓட்டத்தான் பயன்பட்டிருக்கிறது. யாரையும் ஏற்றிக்கொண்டு போனதில்லை.

வழக்குகளைச் சேகரிக்க, ஊரில் பெரியவர்களிடம் 'பேய்க்கதை சொல்லுங்க' என்று கேட்டால் சினிமாவில் பார்த்ததைத்தான் சொல்வார்கள். எந்த மரம், எத்தனை மணிக்கு, கையில் என்ன வைத்திருந்தார்கள், பார்த்ததும் என்ன செய்தார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேளுங்கள். ராத்திரியில் கறிக்குழம்பு எடுத்துப் போனால் தூக்குச்சட்டியோடு ஒரு கரித்துண்டோ இரும்போ வைப்பது, பேய்க்குக் கால் தரையில் பாவாது என்பது, இதெல்லாம் அப்படித்தான் வரும். கால் பாவாது என்றால் தடம் இருக்காது. தடம் இல்லையென்றால் நாய்க்கு மோப்பமும் கிடைக்காது. ஆகவே 'பேய்' போன பாதையை நாய் மோந்துகொண்டே போகிறது என்றால், அது பேயே இல்லை, ஆள். ஒரு நம்பிக்கையிலிருந்து ஒரு துப்பு இப்படிக் கிடைக்கும்.

சேகரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இசக்கி, நீலி, காட்டேரி எல்லாம் பல வீடுகளில் படையல் வாங்கும் தெய்வங்கள். உங்களுக்கு அது பிசாசு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது குலசாமி. வில்லனாக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யார் சூனியக்காரி?

தனியாக இருக்கும் கிழவி, கைம்பெண், கூன் விழுந்தவள், ஊருக்கு வெளியே குடியிருப்பவள், குறி சொல்லிப் பிழைப்பவள்: இவர்களில் ஒருத்தியை வில்லியாக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இது நாகரிகத்துக்காகச் சொல்வதில்லை. பெண்களைச் சூனியக்காரி என்று முத்திரை குத்தி அடித்ததும் கொன்றதும் நடந்ததால்தான் பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் அதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. கதை என்ற முறையில் பார்த்தாலும் அது பலவீனம். கிழவியைப் பார்த்ததுமே பிள்ளை வில்லியைக் கண்டுபிடித்துவிடும், மீதி எட்டு அத்தியாயத்துக்கு வேலை இல்லை.

ஊர் சந்தேகப்படுகிற கிழவி நல்லவளாகவும், ஊர் நம்புகிற ஆள் சூனியக்காரனாகவும் இருந்தால் கதை ஓடும். வெள்ளைச் சட்டை, விபூதி, இனிமையான பேச்சு, தோள்பையில் தாயத்து. தானே கட்டுப் போட்டுவிட்டு, அதை அவிழ்க்கத் தானே காசு வாங்குகிறவன். அவனுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி இருக்கட்டும். 'உலகை ஆள' என்பது பத்து வயதுக்குப் புரியாது. வீட்டுக்கு 200 ரூபாய் வீதம் தாயத்து விற்க வேண்டும் என்பது நன்றாகப் புரியும்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஓர் ஊர். அஞ்சலைக்குப் பத்து வயது. தம்பி மாரிக்கு ஐந்து. ஆயா, அதாவது பாட்டி, மூலிகை தெரிந்தவள். வீட்டில் ஒரு நாய். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆயா நிறத்தைப் பார்த்துச் 'செவலை' என்பாள், மாரி 'ஜிம்மி' என்பான், அப்பா 'ஏய்' என்பார்.

மந்திரம் இரண்டு. முதலாவது பெயர்க்கட்டு, ஒருவரைப் பெயர் சொல்லி முடக்கிப்போடுவது. பொருள், கட்டப்படுபவரின் துணியிலிருந்து உருவிய நூல். பெயரைச் சொல்லி முடிச்சுப் போட வேண்டும். விலை, ஒவ்வொரு முடிச்சுக்கும் முன் கட்டுகிறவன் தன் உண்மைப் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டை, அந்தப் பெயரை வேறொருவர் கேட்டுத் திருப்பிச் சொன்னால் முடிச்சு எல்லாம் அவிழும். இரண்டாவது கூடு பாய்தல். ஆயாவுக்குத் தெரியும், முதல் கோழி கூவுவதற்குள் திரும்ப வேண்டும், உடம்புக்குக் காவல் வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் மாரியின் குரல் போகிறது. புளியமரத்தடியில் ஒரே இடத்தைப் பார்த்து நாய் குரைக்கிறது. இரண்டாவதில் திருஷ்டி கழிக்கிறார்கள். இந்தக் காட்சியைச் சுருக்காதீர்கள், கதையின் ஆணி இதுதான். மிளகாயைச் சுற்றி நெருப்பில் போட்டால் நெடி வராவிட்டால் கண்ணேறு பலம் என்பது நம்பிக்கை. அதை நாயோடு கோத்துப் பாருங்கள்:

"ஏழு மொளகாயும் கருகிச் சுருண்டன. ஆயா மூக்கை உறிஞ்சினாள். அம்மா உறிஞ்சினாள். எதிர்வீட்டுக்காரர்கூட வந்து உறிஞ்சிப் பார்த்தார்.

'நெடியே இல்லியே' என்றாள் அம்மா. குரல் நடுங்கியது.

திண்ணைக்குக் கீழே படுத்திருந்த செவலை படாரென்று தும்மியது. இன்னொரு தும்மல். மூன்றாவது தும்மலில் தலை திண்ணையில் இடித்துக்கொண்டது. மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டே தெருவுக்கு ஓடிப்போனது.

'ஆயா,' என்றாள் அஞ்சலை, 'நாய்க்கு மட்டும் நெடி அடிக்குது.'"

நெடி இருக்கிறது, மனிதர் மூக்குகள் கட்டப்பட்டிருக்கின்றன. பெயர் உள்ளவரைத்தான் கட்ட முடியும், நாய்க்குப் பெயரில்லை. இதைப் பெரியவர் யாரும் விளக்கிச் சொல்லக் கூடாது. அஞ்சலை ஐந்தாம் அத்தியாயம் வரை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். வாசிக்கிற பிள்ளை நாலாவதிலேயே கண்டுபிடித்துவிடும். அந்த ஓர் அத்தியாய முந்தல்தான் அதன் சந்தோஷம்.

மூன்றில் டீச்சர் வகுப்பை நடுகல் பார்க்க அழைத்துப் போகிறார். நாயின் பெயர் கல்லில் இருக்கிறது. நாலில் ஊர் ஆயாவைச் சந்தேகிக்கிறது, வெள்ளைச் சட்டைக்காரர் வருகிறார். ஐந்தில் நாய் வாசலைத் தோண்டி முடிச்சுப் போட்ட நூலை எடுக்கிறது. ஆறாம் அத்தியாயம் முழுவதும் மோப்பம். ஓடை குறுக்கிட்டால் நாய் என்ன செய்யும் என்று காட்டுங்கள்: தண்ணீரோடு வாடை அறுந்துவிடும், அது கரையில் மேலும் கீழும் ஓடி, எதிர்க்கரையில் அறுந்த நுனியைத் தேடும். இரண்டு முறை தோற்கட்டும். ஏழில் குகை.

எட்டில் ஆயா சொல்லிக்கொடுத்தபடி அஞ்சலை கூடு பாய்ந்து கரிச்சான் குருவியாகிறாள். கரிச்சான் இருட்டோடு கூவத் தொடங்கும் பறவை, தன்னைவிடப் பெரிய பருந்தையும் துரத்தும். நடுகல் அருகே அவள் உடம்பு தூங்குவதுபோல் கிடக்கிறது. நாய் அதை மோக்கிறது. வாடை அஞ்சலையுடையது, ஆனால் அழைத்தால் கை அசையவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி, அவள் வயிற்றோடு முதுகைச் சேர்த்துப் படுத்துக்கொள்கிறது. 'தன் எஜமானியைக் காக்க உறுதி பூண்டது' என்று எழுதிவிட்டால் போயிற்று. முதுகைச் சேர்த்துப் படுத்ததோடு விட்டுவிடுங்கள்.

ஒன்பதில் இரண்டு இடம் மாறி மாறி வரும். குகையில் கரிச்சான் அவன் பெயருக்காகக் காத்திருக்கிறது. கல்லருகே அவனுடைய ஆட்கள் வருகிறார்கள். நாயைக் கட்ட அவன் 'செவலை' என்று முடிச்சுப் போடுகிறான். ஊரில் உள்ள செவலைப் பசு, செவலைக் கோழி எல்லாம் அப்படியே உறைகின்றன. நாய்க்கு மூன்றில் ஒரு பெயர்தான் மாட்டியது. அதனால் ஒரு பின்னங்கால் மட்டும் மரத்துப்போகிறது. மூன்று காலில் நின்று குரைக்கிறது. சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும் இந்த இடத்துக்காக முடிச்சின் கணக்கை முதலிலேயே துல்லியமாகப் போட்டிருக்க வேண்டும். பெயரைச் சொல்வது கரிச்சான். அது வெல்லும்வரை அவளுக்கொரு உடம்பு மிஞ்சியிருப்பது நாயால். இருவரில் யாரை நீக்கினாலும் கதை விழ வேண்டும். விழாவிட்டால் நாய் அலங்காரத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

பயத்தின் அளவு

ஒவ்வோர் அத்தியாயமும் கேள்வியில் முடியலாம், ஆனால் குழந்தை தனியாக இருட்டில் நிற்கும்போது முடிக்காதீர்கள். கடைசி மூன்று வரிக்குள் நாயின் சூடான உடம்போ மூச்சோ ஒரு முறை வரட்டும். விளக்கை அணைத்தபின் பிள்ளையோடு படுக்கைக்குப் போவது அந்த வரிதான். ரத்தத்தைவிட மௌனம் பயமுறுத்தும். மாரி வாயைத் திறந்து சத்தமே வராமல் சிரிக்கும் ஒரு வரி நூறு மண்டை ஓட்டுக்குச் சமம்.

பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கான கதையில் நாயைச் சாகடிக்க வேண்டாம். ஆதகூர்க் கல்லின் நாய் செத்ததே என்றால், அது கல், ஆயிரம் வருஷ தூரத்தில் இருக்கிறது. காயம் படலாம், தொலையலாம், நொண்டலாம். செத்ததுபோல் காட்டிவிட்டு எழுப்புவது மட்டும் கூடவே கூடாது. அடுத்த முறை நீங்கள் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

கதையில் நாய்க்கடி வந்தால் மருத்துவம் சரியாக இருக்க வேண்டும், பிள்ளைகள் கதையிலிருந்து கற்றுக்கொள்வார்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதுவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி. ஆயா மூலிகை தெரிந்தவள்தான், ஆனாலும் 'இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடு' என்று அவளே சொல்வது அவளை இன்னும் நல்ல வைத்தியக்காரியாகக் காட்டும். தெரியாத நாயை அஞ்சலை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் காட்சியும் வேண்டாம்.

திருத்தும்போது

கதை நடப்பை எழுத்துத் தமிழிலும் பேச்சை அந்த ஊர்ப் பேச்சிலும் வையுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்து ஆயா திருநெல்வேலி 'ஏலே' சொல்லக் கூடாது. ஒரு வாக்கியத்துக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் போனால் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் உடைத்துவிடுங்கள்.

நிலாவைச் சரிபாருங்கள். அமாவாசை ராத்திரியில் நிலவொளி விழுவது இந்த வகைக் கதைகளில் அடிக்கடி நடக்கும் விபத்து. பௌர்ணமியன்று நிலா பொழுது சாயும் நேரத்தில் எழும். அதன்பின் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். கதை எட்டு நாள் என்றால் எட்டு நாளுக்கும் நிலா எழும் நேரத்தை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு சிவப்புப் பென்சில் எடுத்து, நாய் வரும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கோடு போடுங்கள். மூன்று பக்கம் தொடர்ந்து கோடு இல்லையென்றால் நாயை மறந்துவிட்டீர்கள். பிள்ளை மறக்காது, 'நாய் எங்கே?' என்று கேட்டுக்கொண்டே வாசிக்கும், நீங்கள் எழுதிய வசனம் எதுவும் காதில் ஏறாது.

அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால்: டெம்மி என்னும் புத்தக அளவு, பெரிய எழுத்து, பக்கத்துக்குச் சுமார் 150 சொல் என்றால் 9,000 சொல் 60 பக்கம் வரும். முன்பக்கங்கள் நாலு சேர்த்து 64. ஃபாரம் (சேர்ந்து அச்சாகும் பக்கத் தொகுதி) ஒன்றுக்கு 16 பக்கம் வீதம் சரியாக நாலு ஃபாரம். படங்கள் வேண்டுமென்றால் இன்னொரு ஃபாரம் சேர்த்து 80 பக்கம். 70இல் நிறுத்தினால் மீதி வெற்றுத்தாளுக்கும் நீங்கள்தான் காசு கொடுக்க வேண்டும்.

கடைசி அத்தியாயம் 900 சொல் வேண்டாம், 500 போதும். மாரிக்குக் குரல் வந்துவிட்டது, ஊருக்கு மூக்கு வந்துவிட்டது, யார் வீட்டுக் கருவாடு என்று தெருவே சண்டை போடுகிறது. அஞ்சலை நாய்க்குப் பெயர் வைக்கிறாள். பெயர் வைத்தால் இனி யாரும் கட்டலாம் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் காதில் மட்டும் சொல்கிறாள். அந்தப் பெயரை நீங்கள் அச்சிடாதீர்கள். மூன்றாம் அத்தியாயம் வாசித்த பிள்ளைக்குத் தெரியும். எந்த நாயும் புதுப் பெயருக்கு முதல் தடவையே திரும்பாது. இரண்டாம் தடவையும் திரும்ப வேண்டாம். மூன்றாம் தடவை ஒரு காது மட்டும் திரும்பட்டும்.